இன்னாருடைய கறுப்பி

வருகைப் பதிவேட்டில் அந்த மாணவிக்கு அழகிய தமிழ்ப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் வகுப்பில் அப்பெயர் சொல்லி அழைத்தவர் எவருமில்லை. எல்லாருக்கும் அவள் "ஆப்பிரிக்கா"! கடலூரில் நாம் ஆசிரியப் பணியேற்ற முதல் வாரத்திலேயே அச்சொல் நம் காதில் விழுந்தது. கண்டித்தோமா? இல்லை, தோழர்களே! புன்னகைத்தோம். பகுத்தறிவு மேடைகளின் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டி வளர்ந்த நாம், கறுப்பு என்றால் இழிவு எனும் கேலிக்குப் பற்களைக் காட்டினோம்.

அத்தோடு நின்றோமா என்றால், அதுவுமில்லை. ஆண்டு விழாவுக்கு நாடகம் ஒன்று எழுதினோம். சாதியை மறுத்துத் துணைவனைத் தேடிக்கொள்ளும் ஒரு நங்கையின் கதை. ஒத்திகையில் தலைவியாக நடித்த மாணவி வசனத்தை மறந்து திகைத்து நிற்கும் போதெல்லாம், மேடையின் ஓரத்திலிருந்து அடியெடுத்துக் கொடுத்தவள் 'ஆப்பிரிக்கா'தான். நாடகம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம்! குரலிலும் உணர்ச்சியிலும் அவளுக்கு இணையில்லை. எனினும் நாம் அவளுக்கு அளித்தது வேலைக்காரி வேடம், மூன்றே வரி. தலைவி 'இலட்சணமாக' இருக்க வேண்டுமாம்! சாதி ஒழிப்பு நாடகத்தில் நிறச் சாதியைக் காப்பாற்றியவர் நாமே. விழாவன்று அவள் முகத்தில் மாவைப் பூசி அனுப்பியதும் நம் கைதான்.

விழா முடிந்த மறு ஞாயிறன்று சிதம்பரம் சென்றிருந்தோம். நாம் கலைப் பட்டம் பெற்றது அங்கேதான். அண்ணாமலை நகரில் ஆய்வு மாணவியாக இருக்கும் தோழியின் அறையில் பகற்பொழுது கழிந்தது. பேச்சு திரைப்படத்தின் பக்கம் திரும்பவே, அவர் தம் மடிக்கணினியில் ஒரு படத்தை ஓட்டினார். ஒரு மணி நேர அளவே ஓடும் கறுப்பு வெள்ளைப் படம். ஊஸ்மான் செம்பேன் என்னும் செனகல் நாட்டவர் 1966ஆம் ஆண்டு எடுத்தது. பிரெஞ்சு மொழியில் அதன் தலைப்பைத் தமிழாக்கினால், "இன்னாருடைய கறுப்பி" என்று வரும். ஆனால் அந்த 'இன்னார்' யாரென்று தலைப்பில் இராது. அவ்விடத்தில் மூன்று புள்ளிகளே இருக்கும். உடைமை யாருடையதாயினும் இருக்கட்டும், அவள் ஒருத்தியின் உடைமை என்பது போதும் போலும்!

டக்கார் நகரத்து ஏழைப் பெண் தியுவானா, பிரெஞ்சுக் குடும்பம் ஒன்றில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காகப் பிரான்சின் தென்கடற்கரைக்குச் செல்கிறாள். பிரான்சைக் காணப் போகிறோம் என்று துள்ளிய உள்ளம் அவளுடையது. அங்கு அவள் கண்டதோ ஒரு சமையலறை, ஒரு குளியலறை, ஒரு சன்னல். சமைக்கவும் துடைக்கவும் துவைக்கவும் ஓயாத கட்டளைகள். அவள் ஆசையோடு பரிசளித்த மரமுகமூடி அவ்வீட்டுச் சுவரில் அலங்காரப் பொருளாகத் தொங்குகிறது, அவளும் அதுபோலவே. முடிவில் அக்குளியலறையிலேயே அவள் தன் கழுத்தை அறுத்துக்கொண்டு மாய்கிறாள். செம்பேனின் கற்பனையன்று இது. பிரெஞ்சு நாளேட்டில் வந்த சிறு செய்தி ஒன்றைக் கண்டு, முதலில் சிறுகதையாக எழுதிப் பிறகு படமாக்கினார்.

படம் முடிந்தபின் தோழி ஏதேதோ பேசினார். நம் செவியில் ஒன்றும் ஏறவில்லை. மூன்று வரி பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கிய ஒரு முகமே கண்முன் நின்றது.

அன்றுமுதல் செம்பேனைத் தேடித் தேடிப் படித்தோம். என்ன வாழ்க்கை அது! 1923இல் செனகலின் தென்பகுதியில், சிகன்சோர் என்னும் ஊரில் மீனவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். தலைமையாசிரியரை அடித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டுப் பள்ளியை விட்டு வெளியேற்றப்பட்டவர். (ஆசிரியர் இனத்தைச் சேர்ந்த நாம் இதை எழுதச் சற்றே தயங்கினோம்!) கொத்துவேலை செய்தார். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டார். போருக்குப் பின் மார்சேய் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்; சரக்கு இறக்கும் போது முதுகெலும்பில் அடிபட்டது. உடல் ஓய்ந்த நாட்களில் தொழிற்சங்க நூலகத்தின் புத்தகங்கள் துணைவந்தன. 1956இல் முதல் நாவலை வெளியிட்டார். அதன் பெயரே 'கறுப்புத் துறைமுகத் தொழிலாளி'. 1947-48இல் மேற்கு ஆப்பிரிக்க இரயில் தொழிலாளர் நடத்திய பெரு வேலைநிறுத்தத்தை 1960இல் நாவலாக்கிப் புகழ் பெற்றார்.

புகழ் பெற்ற எழுத்தாளர் அவ்விடத்தில் நின்றிருக்கலாம். ஆனால் தாயகம் திரும்பியவரின் நெஞ்சை ஒரு கேள்வி அறுத்தது: யாருக்காக எழுதினோமோ, அந்த மக்களுக்குப் படிக்கத் தெரியாதே! மீனவனும் வண்டிக்காரனும் சந்தைக்காரியும் பிரெஞ்சு நாவலை என்ன செய்வார்கள்? நாற்பதை நெருங்கும் வயதில், 1962இல், மாசுகோ சென்று கார்க்கி படப்பிடிப்பு நிலையத்தில் திரைக்கலை பயின்றார். திரைப்படத்தை மக்களின் மாலைப்பள்ளியாகக் கருதினார். இதை நமக்கு விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ? எழுத்தறியாதவரின் செவிக்கும் கருத்தைக் கொண்டுசெல்ல 1949இல் 'வேலைக்காரி'யும் 1952இல் 'பராசக்தி'யும் வந்த நாடன்றோ நம் நாடு!

ஆப்பிரிக்கருக்கு அவ்வழி எளிதில் திறக்கவில்லை என்பதையும் அறிய வேண்டும். பிரெஞ்சு ஆட்சி 1934இல் ஓர் ஆணை பிறப்பித்தது; அதன்படி அரசின் இசைவின்றி அக்குடியேற்ற நாடுகளில் எவரும் படமெடுக்க முடியாது. ஆப்பிரிக்காவை வெள்ளையர் படமெடுக்கலாம். ஆப்பிரிக்கர் எடுத்தல் ஆகாது! அதனாலேயே 1955இல் போலன் வியேராவும் அவர் தோழர்களும் தம் முதற்படத்தைத் தாய்மண்ணில் எடுக்க இயலாமல் பாரிசு நகரத் தெருக்களில் எடுத்தனர்.

செம்பேனைப் படிக்கப் படிக்க, நம் ஊர்க்காரர் ஒருவரே நினைவுக்கு வந்தார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த செயகாந்தன். அவரும் பள்ளிப் படிப்பைத் தொடக்கத்திலேயே விட்டவர்; பொதுவுடைமைக் கட்சியின் அச்சகத்தில் வளர்ந்தவர்; தம் நாவலைத் தாமே இயக்கிப் படமாக்கியவர். சேரிச் சிறுவன் ஒருவனின் கதையான 'உன்னைப்போல் ஒருவன்' 1965இல் வெளிவந்தது. மூன்றாவது சிறந்த படம் என்று தேசிய விருதில் நற்சான்றும் பெற்றது. நம் இயக்கத்தைக் கடுஞ்சொற்களால் தாக்கியவர் அவர், அதை மறக்கவில்லை. ஆயினும் என்ன? அப்படத்தைப் பாராமல் ஒதுக்கினால் இழப்பு அவருக்கன்று, நமக்கே. மஞ்சக்குப்பத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தோம். எழுத்தாளர் என்று சிலர் அறிந்திருக்கின்றனர். படமெடுத்தவர் என்று அறிந்தவர் ஒருவருமில்லை.

மொழிக்கு வருவோம். தியுவானாவின் மனக்குரல் படத்தில் பிரெஞ்சு மொழியில் ஒலிக்கிறது. அக்குரலும் நடித்தவருடையதன்று, வேறொருவருடையது. எழுதப் படிக்கத் தெரியாத டக்கார் பெண் பிரெஞ்சில் சிந்திப்பாளா? செம்பேன் இக்குறையைத் தாமே தீர்த்தார். 1968இல் எடுத்த 'மண்டாபி' மக்களின் ஓலோப் மொழியிலேயே பேசிற்று. அம்மொழியில் இதழ் ஒன்றையும் தோழரோடு சேர்ந்து நடத்தினார்.

1977இல் 'செத்தோ' வந்தது. மதத்தின் பெயரால் நடந்த கட்டாயத்தையும் அடிமை வாணிகத்தையும் திரையில் நிறுத்திய படம். செனகல் அரசு தடை விதித்தது. காரணம் என்ன தெரியுமா? தலைப்பில் மெய்யெழுத்து இரட்டிக்கக் கூடாதாம்! ஒற்றை எழுத்தே இலக்கணமாம்! ஒற்று மிகுமா மிகாதா என்று மாணவர் தாளில் சிவப்பு மை இறைக்கும் நமக்கே மூச்சு நின்றது. செம்பேன் விட்டுக்கொடுக்கவில்லை; படம் அந்நாட்டில் ஆண்டுக்கணக்கில் திரைக்கு வரவில்லை.

அன்று அந்நாட்டின் தலைவர் லியோபோல்டு செங்கோர். கவிஞர், இலக்கண வல்லுநர். கறுப்பினப் பண்பாட்டின் பெருமையை உலகறியச் செய்த 'நெக்ரித்யூது' கொள்கையின் முன்னோடி. இதே செங்கோர் 1974இல் சென்னைக்கு வந்து, அக்கொள்கையையும் திராவிடப் பண்பாட்டையும் இணைத்து உரையாற்றினார். கறுப்பு ஆப்பிரிக்கருக்கும் திராவிடருக்கும் தொன்மையான உறவுண்டு என்பது அவர் நம்பிக்கை. கேட்க இனிக்கிறது. ஆனால் அந்த உறவு ஆராய்ச்சியை அறிஞர்கள் மெல்ல நடத்தட்டும். உறவு கொண்டாட வந்தவரே தம் நாட்டுக் கலைஞரின் வாயை அடைத்தாரே! உறவு இருக்கிறதென்று பெருமை பேசும் நாமோ, பிள்ளையை 'ஆப்பிரிக்கா' என்று கேலி பேசுகிறோம்!

தியுவானாவாக நடித்தவர் இம்பிசின் தெரேசு தியோப். தையல் வேலை செய்து வந்தவர்; திரைக்குப் புதியவர். அழகுப் போட்டியில் தேர்ந்தெடுத்து வந்த முகமன்று அது. நம் திரையுலகத்தை எண்ணிப் பார்த்தோம். கறுப்புத் தலைவனை நம் மக்கள் தோளில் தூக்கிக் கொண்டாடியதுண்டு, கறுப்புத் தலைவியை? வடபுலத்திலிருந்து வெள்ளைத் தோலைத் தருவித்து, இரவல் குரலில் தமிழ் பேசவைப்பர்.

செம்பேனின் கடைசிப் படம் 'மூலாடே', 2004இல் வந்தது. அப்போது அவர் வயது 81! சிறுமியரின் உறுப்பைச் சிதைக்கும் 'தூய்மை'ச் சடங்குக்கு அஞ்சி நான்கு சிறுமியர் ஓடிவந்து ஒரு பெண்ணிடம் அடைக்கலம் புகுகின்றனர். அவள் வாசலில் ஒரு வண்ணக் கயிற்றைக் கட்டுகிறாள். கயிற்றைத் தாண்ட ஊர் அஞ்சுகிறது. மூட நம்பிக்கையை ஒரு மூட நம்பிக்கையாலேயே தடுத்து நிறுத்துகிறாள், பாருங்கள்! ஊர்ப் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? பெண்களின் வானொலிப் பெட்டிகளைப் பிடுங்கிக் குவித்துத் தீயிட்டார்கள். கேள்வி கேட்கும் புத்தி அதன் வழியாகத்தான் வந்ததாம். அப்பெண்ணாக நடித்த பட்டூமட்டா குலிபாலி, மாலி நாட்டு இதழாளர். அச்சடங்கை எதிர்த்து ஊர் ஊராகப் பேசி வருபவர். அக்கொடுமைக்குத் தாமே ஆளானவர். திரையில் அவர் சாட்டையடி தாங்கி நிற்கும் காட்சியை நம்மால் ஒரே மூச்சில் பார்க்க முடியவில்லை.

தென்னாப்பிரிக்காவின் சான் கனியும் வின்சுடன் இண்ட்சோனாவும் நிறவெறியை மேடையிலேயே சாடி, 1975இல் அமெரிக்காவின் டோனி விருது பெற்று, மறு ஆண்டே தம் நாட்டில் சிறைப்பட்ட கதை தனியே எழுதத் தக்கது.

நம் மனத்துக்கு மிக நெருங்கியவர் சாபி பாய். ஏனெனில் அவரும் ஆசிரியை! டக்காரில் பள்ளிப் பணியாற்றியவர், 1966இல் அங்கு நடந்த கறுப்பினக் கலைவிழாவில் பிரெஞ்சு இயக்குநர் சான் ரூசைச் சந்தித்தார். அவர் படத்தில் நடித்தார். பிறகு தாமே இயக்குநரானார். 1975இல் அவர் எடுத்த 'உழவர் குரல்', கடலை பயிரிடும் ஒரு சிற்றூரின் கதை. வெள்ளையர் திணித்த ஒரே பயிர். மழை பொய்த்தால் வயிறும் காலி, வரியும் பாக்கி. நம் மாவட்டத்தில் மல்லாட்டை என்போமே, அதே கடலைதான். 2023இல் அவர் மறைந்தார்.

நம் அண்டை மாநிலத்திலும் ஒரு செய்தி உண்டு. 2018இல் வந்த 'சுடானி பிரம் நைசீரியா' என்னும் மலையாளப் படத்தில் நைசீரிய நடிகர் சாமுவேல் அபியோலா ராபின்சன் நடித்தார். மலப்புறத்துக்குக் கால்பந்து ஆட வரும் நைசீரியனை ஊரார் 'சுடானி' என்றே அழைப்பர். கறுப்பர் எவராயினும் அவர்க்கு அதே பெயர்! நிறத்தால் தமக்கு ஊதியம் குறைந்ததென்று ராபின்சன் வெளிப்படையாக எழுதினார். பிறகு அது இணக்கமாகத் தீர்ந்தது.

இவ்வளவும் படித்தாயிற்று; வகுப்பில் என்ன செய்வது? தற்கொலையில் முடியும் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட மனம் துணியவில்லை. செம்பேனின் 1963ஆம் ஆண்டுக் குறும்படம் 'போரோம் சாரே'யைத் தேர்ந்தோம். இருபது நிமிடம் ஓடும். டக்காரின் குதிரை வண்டிக்காரன் ஒருவனின் ஒரு நாள். முன்னோர் பெருமை பாடும் பாணன் ஒருவனிடம் மயங்கி, காலைச் சம்பாத்தியத்தை அப்படியே கொடுத்துவிடுகிறான். (நம்மவர் பலருக்கும் இவ்விடம் சுடும்.) பிறகு வண்டிகளுக்குத் தடையுள்ள பணக்காரப் பகுதிக்குச் சவாரி போக, காவலன் வண்டியைப் பறிக்கிறான், கீழே விழுந்த அவன் போர்ப் பதக்கத்தை மிதிக்கிறான்.

பள்ளியின் திரையில் முதல் முகம் தோன்றியதும் சிரிப்பு வெடித்தது. எதிர்பார்த்ததுதான். வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனோம். மெல்லச் சிரிப்பு அடங்கிற்று. தானி ஓட்டுநர்களின் மகளிர் பலர் அவ்வகுப்பில். வண்டி பறிபோன இடத்தில் ஒருத்தி எழுந்தே விட்டாள்: "வண்டி திரும்பக் கெடைச்சுதா டீச்சர்?" கிடைக்கவில்லை என்றோம். "அபராதம் கட்டினாக்கூடவா?" என்றாள். நமக்கு விடை தெரியவில்லை.

கடைசி வரிசையிலிருந்து 'ஆப்பிரிக்கா' கேட்டாள்: "அங்க எல்லாருமே கறுப்புதானே டீச்சர்? அப்ப அங்க யாரை ஆப்பிரிக்கான்னு கூப்பிடுவாங்க?"

எவரும் சிரிக்கவில்லை. அவள் பெயரைச் சொல்லி, அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். நாடகத்தைப் பற்றியும் சொன்னோம். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பெயரை இங்கு எழுத விரும்பினோம். பத்திரிகையில் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

இவ்வாண்டு நாடகத்தில் தலைவி வேடம் தருவதாகக் கூறினோம். வேண்டாமாம், நடிக்க மாட்டாளாம். நாடகத்தைத் தானே எழுதுவதாகச் சொல்லி, முதற்காட்சியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். நான்கு பக்கம். ஒற்றுப் பிழைகள் மிகுதி, திருத்திக்கொண்டிருக்கிறோம்.