கலாநிதிப் பட்டமும் குசினி வானொலியும்

"இந்த வயதில் இன்னும் என்ன படிப்பு?" என்ற கேள்வியை உங்களில் சிலரும் கேட்டிருப்பீர்கள். நான் அதை நாற்பத்தொரு வயதில் என் மாமியிடமிருந்து கேட்டேன். தொடர்பாடல் துறையில் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த நேரம் அது. அது என்ன படிப்பு என்று விளக்குவதே பெரும்பாடு. டெலிபோன் திருத்துகிற வேலை என்று நினைத்தவர்களும் உண்டு! ஒரு செய்தி எப்படிப் போய்ச் சேருகிறது, சேர்ந்த இடத்தில் என்ன செய்கிறது என்று ஆராய்வதுதான் அது.

வீட்டுப் பெண்கள் வானொலி கேட்பதைப் பற்றியது என் ஆய்வு. அறுபது பேருக்கு வினாக்கொத்துக் கொடுத்தேன். "நாளொன்றுக்கு எத்தனை மணித்தியாலம் கேட்கிறீர்கள்?" என்றதற்கு அநேகர் "கேட்பதில்லை" என்று எழுதியிருந்தார்கள். ஒரு வருட உழைப்பு. மேற்பார்வையாளர் தலைப்பையே மாற்றச் சொன்னார். அன்றிரவு விலகல் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் ஹேர்ட்டா ஹேர்ஸொக் என்ற பெண்மணியைப் பற்றி வாசித்தேன். 1932இல் வியன்னாவில், வானொலிக் குரல்களை ஆராய்ந்து கலாநிதியானவர். ஆய்வுக் காலத்திலேயே இளம்பிள்ளைவாதம் தாக்கி, வலக்கை பாதிப்புற்றது. பிறகு அமெரிக்கா போய், தொடர் நாடகம் கேட்கும் நூறு பெண்களோடு பேசிய ஆய்வை 1941இல் வெளியிட்டார். மனம்விட்டு அழுவதற்கும் வாழ்க்கைக்கு யோசனை பெறுவதற்குமாகப் பெண்கள் நாடகம் கேட்டார்கள் என்பதை அவர் கண்டார். எத்தனை மணித்தியாலம் என்ற கணக்கில் இதெல்லாம் வருமா?

மறுநாள் மாமியிடம் போனேன். அவரும் "கேட்பதில்லை" என்று எழுதியவர்தான். தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

"நான் எங்க மகள் ரேடியோ கேக்குற? அது பாட்டுக்குப் போய்க்கிட்டிருக்கும்" என்றார்.

அப்படிச் சொன்னவர், முஸ்லிம் சேவையில் எப்போதோ கேட்ட நாடகமொன்றை முக்கால் மணித்தியாலம் ஒருவர் விடாமல் பேசிக் காட்டினார். அதில் படிப்பை நிறுத்தப்பட்ட ஒரு பெண் பிள்ளை வருகிறாளாம். அதைக் கேட்ட பிறகுதான், வீட்டில் எல்லோரும் வேண்டாமென்றபோதும், மூத்த மைனியை ஓ.எல். எழுத அனுப்பினாராம். இந்தக் கதை எங்களில் யாருக்கும் தெரியாது, மைனிக்கும்கூட!

குறித்துக்கொள்ள வேறு கடதாசி இருக்கவில்லை. விலகல் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்.

பட்டம் இன்னும் கிடைக்கவில்லை, நான்காம் அத்தியாயத்தில் நிற்கிறேன். இதுவரை இருபத்து மூன்று பேரோடு பேசியாயிற்று. உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் வரக்கூடும். முன் விறாந்தையில் கதிரை போட வேண்டாம், நேரே குசினிக்கே வருகிறேன்.