நான்கு தந்திகள்

பல்லைப் பாராமல் ஆடு வாங்காதவர்கள் அய்யலூர்க்காரர்களாகிய நாங்கள். வியாழக்கிழமைச் சந்தையில் கிடாய் விற்ற பணத்தில் மகளுக்குக் கிட்டார் வாங்க முனைந்தபோதும் அதே கண்டிப்பைக் கைக்கொண்டோம்.

பாட்டுக்குத் துணையாகத் தந்திகளை மொத்தமாய்த் தட்டுவதில் அவளுக்கு நாட்டமில்லை. பாடலின் இராகத்தையே சுரம் சுரமாக மீட்ட வேண்டுமாம். அதற்கு உகந்தது டெனார் கிட்டார். 1920களில் அமெரிக்காவில் பாஞ்சோ கலைஞர்கள் எளிதில் கிட்டாருக்கு மாற உதவிய நான்கு தந்திக் கருவி அது. வயலினைப் போலவே அடுத்தடுத்த தந்திகளுக்கிடையே ச–ப இடைவெளி. ஆதலால் ஒரு தந்தியில் பழகிய விரலமைப்பு அடுத்ததிலும் பொருந்தும். ஆனால் வெளியிலிருந்து தருவிக்க எங்கள் கிடாய் ஒன்று போதாது. மாண்டலினிலும் அதே இடைவெளிதான். இரட்டைத் தந்திகள் பிஞ்சு விரலை வருத்துமே என்று தயங்கினோம்.

முடிவில் சிறிய ஆறு தந்திக் கிட்டாரையே தேர்ந்தோம். அதன் மெல்லிய நான்கு தந்திகள் போதும். ச–ப ஒழுங்கு அதில் இல்லைதான். எனினும் டெனார் கிட்டாரையே அந்நான்கு தந்திகளின் சுருதியில் வைத்து வாசிப்போர் உண்டு.

கடையில் பார்த்தவை இரண்டே. தந்தி பலகையைவிட்டு மிக உயர்ந்திருந்தால் விரல் நோகும். குழந்தை ஒரு வாரத்தில் கருவியைக் கைவிடும். 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால், அழுத்தாத தந்தியின் மேல் சட்சம் பிசகாது ஒலிக்க வேண்டும். பளபளத்த முதலிரண்டும் அதில் தோற்றன. மங்கலான மூன்றாவது எங்களோடு பேருந்தேறியது.

ஞாயிறு பாடலின் முதலடியை இப்போது தட்டுத் தடுமாறி மீட்டுகிறாள்.