ஸ்பிளெண்டரும் ஸ்பிரிங் தராசும்



2004இல் வாங்கிய என் ஸ்பிளெண்டர் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். போன மாதம் ஒரு வேகத்தடையில் அதன் முன்பக்கம் 'டங்'கென்று அடிவரை இறங்கியது. பின்னால் இருந்த துணைவியாருக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டது. "வெள்ளிக்கிழமை கோயிலுக்கு இனிமே பஸ்லயே போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அது சுருக்கென்றது.

முன் ஷாக்கப்சரை நானே சரிசெய்ய இறங்கினேன். ஆயில் கெட்டியாக இருந்தால் இறங்காது என்பது என் கணக்கு. கெட்டி ஆயில் ஊற்றினேன். சின்னக் குழிக்கே கை அதிர்ந்தது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் பழையபடி அமுங்கியது, கொஞ்சம் மெதுவாக, அவ்வளவுதான்.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மாணவன் போனில் சிரித்தான். "சார், எடையைத் தாங்குறது ஸ்பிரிங். ஆயில் அது ஏறி இறங்குற வேகத்தைத்தான் அடக்கும்." அவனுக்கு ஸ்பிரிங் தராசு நடத்தியவன் நான்!

மறுபடி கழற்றினேன். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து, முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினேன். மேல்மூடியை அழுத்திப் பிடித்தபடியே திருக வேண்டும். உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் முகத்துக்கே எகிறும். சற்று விறைப்பான புது ஸ்பிரிங் இரண்டு, புது ஆயில் சீல், பழைய தரத்திலேயே ஆயில். இரண்டு காலுக்கும் மருந்துக் குவளையில் சமமாக அளந்தேன். இரண்டு நாள் தனியாக ஓட்டி, ஆயில் கசிகிறதா என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. பூக்கூடையோடு வந்து, ஒன்றும் பேசாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வேகத்தடை வந்தபோது மட்டும் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.