வேனா, காரா? ஒரு மோட்டார் மெக்கானிக் வீட்டுப் பட்டிமன்றம்

ஒரு வருஷமா எங்க வீட்டுல ஓடிக்கிட்டிருந்த பட்டிமன்றம் ஒருவழியா முடிஞ்சுது மக்களே. தலைப்பு: வேனா, காரா? வேன் அணியில வீட்டம்மாவும் மச்சானும். கார் அணியில நான் தனியாள். நடுவர், பேங்க் பாஸ்புக். அம்மாவுக்காகத்தான் கார்னு நான் தொண்டை கிழியப் பேசினா, அந்த அம்மாவே எழுந்து போய் எதிரணியில உக்காந்துட்டாங்க. இதுக்கு மேல ஒரு பேச்சாளனுக்கு என்ன அவமானம் வேணும்?

புதுசா இந்தப் பக்கம் வர்றவங்களுக்கு ஒரு வரி. நான் போர்வெல் மோட்டார் மெக்கானிக். சொந்தத் தொழில். வீடு திண்டுக்கல் டவுன்ல, வேலை பூரா வேடசந்தூர், வடமதுரை, குஜிலியம்பாறை, நத்தம்னு சுத்துப்பட்டுத் தோட்டங்கள்ல. எழுதுறது ராத்திரி 10 மணிக்கு மேல, கையில கிரீஸ் போன பிறகு.

இத்தனை வருஷமா என் வண்டி டிவிஎஸ் எக்ஸெல்தான். சிரிக்காதீங்க. எங்க ஊர்ப் பக்கம் பிளம்பர், எலக்ட்ரீசியன், பால்காரர், பூ வியாபாரி எல்லாருக்கும் அதுதான் ரதம். காலு வைக்கிற இடத்துல டூல்ஸ் பை, பின்னாடி செயின் கப்பி, தோள்ல கேபிள் சுருள். முக்காலிக் கம்பியை மட்டும் கையாள் மடியில வச்சுப் பிடிச்சுக்குவான். வண்டியில மூணாவது ஆள் மாதிரி அது நீட்டிக்கிட்டு வரும்.

வெளியில பார்க்கிறவங்க போர் மோட்டார் வேலைன்னா லாரி லாரியா குழாய் ஏத்தணும்னு நினைக்கிறாங்க. அப்படி இல்ல. எங்க பக்கம் போர் 600 அடி, 800 அடின்னு இறங்கிக் கெடக்கு. 10 அடிக் குழாய்னு வச்சா 600 அடிக்கு 60 குழாய். ஆனா அதெல்லாம் ஏற்கெனவே குழிக்குள்ளதான் இருக்கு. நாம போய் ஒண்ணொண்ணாத் தூக்கி, கழட்டி, வரப்புல அடுக்கிட்டு, கடைசியா வர்ற மோட்டாரை மட்டும்தான் டவுனுக்குக் கொண்டாரணும், காயில் கட்ட. பம்பும் மோட்டாரும் சேர்ந்தா ஆள் உயரம். கழட்டினா ரெண்டு துண்டு. ரெண்டு பேர் பிடிச்சாத்தான் நகரும். அது எக்ஸெல்ல வராது. அன்னிக்கு மட்டும் ஸ்டாண்டுல ஒரு குட்டி யானையை வாடகைக்குப் பிடிப்போம்.

குட்டி யானைன்னா டாடா ஏஸ். 2005 மே மாசம் வந்த வண்டி. ரெண்டே சிலிண்டர், 702 சிசி டீசல், முக்கால் டன் லோடு. வந்தப்போ விலை ஏறக்குறைய ரெண்டேகால் லட்சம். அதை உருவாக்கின குழு முதல்ல மூணு சக்கர லோடு ஆட்டோ ஓட்டுறவங்களைத் தேடிப் போய்ப் பேசுச்சாம். அதுல ஒருத்தர், "நாலு சக்கரம் இருந்தா ஊர்ல எனக்குப் பொண்ணு கொடுப்பாங்க"ன்னு சொன்னதா ஒரு கதை உண்டு. எங்க மச்சானும் கிட்டத்தட்ட இதேதான் சொல்றாரு. எனக்குக் கல்யாணமாகி 14 வருஷம் ஆச்சுங்கிறதை அவர் கணக்குல எடுக்கல, அவ்வளவுதான்.

மச்சான் கட்சி தப்புன்னு சொல்ல மாட்டேன். அவரோட வாதம் இது: வண்டி வாசல்ல நிக்கக்கூடாது, சம்பாதிக்கணும். என் வேலை இல்லாத நாள்ல ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏத்தலாம், நிலக்கோட்டையிலேர்ந்து பூ ஏத்தலாம். 2025 ஜூன்ல வந்த ஏஸ் ப்ரோ 3.99 லட்சத்துல ஆரம்பிச்சுது. அந்த செப்டம்பர் 22-லேர்ந்து லோடு வண்டிக்கும் சின்னக் காருக்கும் ஜிஎஸ்டி 28-லேர்ந்து 18 சதவீதமா இறங்கிடுச்சு. பேட்ஜ் பிரச்சினையும் இல்ல. சாதா எல்.எம்.வி. லைசென்ஸ் வச்சிருக்கிறவங்க 7,500 கிலோவுக்கு உட்பட்ட லோடு வண்டியை ஓட்டலாம்னு 2017-ல சுப்ரீம் கோர்ட் சொன்னதை, 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதிகள் பெஞ்சும் உறுதி பண்ணிடுச்சு. 3,000 கிலோவுக்குள்ள உள்ள லோடு வண்டிக்குப் பர்மிட்டும் வேண்டாம். எஃப்.சி. மட்டும் காட்டிக்கிட்டே இருக்கணும்: எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, அதுக்கப்புறம் வருஷாவருஷம். ஜிஎஸ்டி பதிவு பண்ணினவங்களுக்கு லோடு வண்டி வாங்கின வரியைக் கழிச்சுக்கலாம், காருக்கு முடியாது. நான் அந்தப் பதிவுக்குள்ள வர்ற அளவுக்கு இன்னும் வளரலை, அதனால அந்த லாபம் நமக்கு வெறும் பொது அறிவு.

அப்ப நடுவுல ஒண்ணு இருக்கேன்னு நீங்க கேப்பீங்க. ஆம்னி! 1984-ல மாருதி வேன்னு வந்து, ஆம்னின்னு பேர் மாறி, 2019-ல உற்பத்தி நின்னுபோன அந்தப் பெட்டி வண்டி. தமிழ் சினிமாவுல ஆள் கடத்தணும்னா அதுதான். நிஜத்துல அதுல கடத்தப்பட்டது பூரா ஸ்கூல் பிள்ளைகளும் சமையல் பாத்திரமும் பந்தல் சாமானும்தான். பின் சீட்டை மடக்கினா மோட்டார் படுத்துக்கும், நிமித்தினா குடும்பம் உக்காந்துக்கும். 2010-ல வந்த ஈகோவும் அதே ஜாதி. தொழில் பண்றவனுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். நானும் பல மாசம் அதுலதான் மனசை வச்சிருந்தேன். கன்னிவாடிப் பக்கம் ஒரு பழைய ஈகோவைப் பார்த்து, டயரை எல்லாம் உதைச்சுக்கூடப் பார்த்துட்டு வந்தேன்.

அப்பதான் ஒருநாள் ராத்திரி இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்து வச்சுப் படிச்சேன். எல்லாரும் கட்டுறோம், யாரும் படிக்கிறதில்ல. வெள்ள போர்டு வண்டி பாலிசியில, எதுக்குப் பயன்படுத்தலாம்னு ஒரு பகுதி இருக்கு. வாடகைக்கு ஓட்டக்கூடாது, பந்தயம் ஓட்டக்கூடாதுங்கிற வரிசையில ஒண்ணு: சரக்கு ஏத்தக்கூடாது, சாம்பிளும் சொந்த லக்கேஜும் தவிர. சட்டத்துலயும், சரக்குக்காகச் செய்யாத வண்டியா இருந்தாலும் சரக்கு ஏத்தப் பயன்படுத்தினா அது சரக்கு வண்டிதான்னு விளக்கம் இருக்கு. என் டூல்ஸ் பெட்டி லக்கேஜா, சரக்கான்னு வக்கீல்கள் நாள் கணக்கா வாதாடலாம். ஆனா இன்னொருத்தர் தோட்டத்து 7.5 ஹெச்.பி. மோட்டாரைக் கூலிக்கு ஏத்திக்கிட்டு வர்றப்போ எங்கேயாவது மோதினா, "அது எங்க தாத்தா சொத்து, சொந்த லக்கேஜ்"னு என்னால சொல்ல முடியாது.

சரி, மஞ்ச போர்டு குட்டி யானையே வாங்கினா? அதுல இதுக்கு நேர் எதிரான பள்ளம். நம்ம ஊர்ல கிடா வெட்டுன்னாலும் காதுகுத்துன்னாலும் குட்டி யானையில தார்ப்பாயை விரிச்சு மொத்தச் சனமும் ஏறிடும். பழனிக்குப் போற ரோட்டுல பார்க்காதவங்க யாரு? சரக்கு வண்டியில சும்மா ஏறி வர்றவங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லைன்னு 2002-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. வேலைக்கு வர்ற ஆளுக்கும் சரக்குக்கு உரியவருக்கும் சட்டத்துல இடம் இருக்கு. அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் இல்ல. சில வழக்குல கம்பெனியை முதல்ல கட்டச் சொல்லி, அப்புறம் வண்டிக்காரன்கிட்டேயே வசூல் பண்ணிக்கச் சொல்லியிருக்காங்க. சொந்தக்காரனும் போய், இருக்கிற ரெண்டு சென்ட் இடமும் போற கதை. வண்டி வாசல்ல நின்னா, "இல்ல, ஏறாதீங்க"ன்னு சொந்தக்காரங்ககிட்ட சொல்ற தைரியம் எனக்குக் கிடையாது. உங்கள்ல யாருக்காவது இருந்தா கை தூக்குங்க.

ஆக வெள்ள போர்டுல மோட்டாருக்கு இடமில்ல, மஞ்ச போர்டுல அம்மாவுக்கு இடமில்ல. ரெண்டையும் ஒரே வண்டியில ஏத்தணும்னு நினைக்கிறது நம்மள மாதிரி தனியாத் தொழில் பண்றவன் மட்டும்தான். கம்பெனி வச்சிருக்கிறவனுக்குக் கம்பெனி வண்டி வேற, வீட்டு வண்டி வேற. நமக்கு வீடும் கம்பெனியும் ஒரே சட்டைப்பை.

அதுக்கப்புறம்தான் டைரி எழுத ஆரம்பிச்சேன். தை மாசத்துலேர்ந்து ஆடி வரைக்கும், லோடு வண்டி இல்லாம முடியாதுங்கிற நாளை மட்டும் சுழிச்சு வச்சேன். சாதா மாசத்துல ஆறு, ஏழு நாள். சித்திரை, வைகாசியில தண்ணி இறங்கி மோட்டார் வரிசையாக் காயில் போகும், அப்ப மட்டும் 10 தாண்டுச்சு. மத்த நாளெல்லாம் கெப்பாசிட்டர் மாத்தறது, ஸ்டார்ட்டர் பார்க்கிறது, கேபிள் ஜாயிண்ட் போடறது. எக்ஸெல்லே ஜாஸ்தி.

இதுல தொழில் பண்றவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு சூட்சுமம் இருக்கு. ஸ்டாண்டுல வண்டி பிடிச்சா அந்த வாடகை தோட்டக்காரர் கணக்கு. தூரத்தைப் பொறுத்து 800, 1000. பில்லுல தனி வரி. யாரும் கேள்வி கேக்கறதில்ல, ஏன்னா வண்டிக்காரர் கண்ணு முன்னாடி நின்னு காசு வாங்கிட்டுப் போறாரு. அதே வண்டி என்னுதா இருந்தா? "தம்பி, உங்க வண்டிதானே, டீசல் காசு மட்டும் போட்டுக்கங்க." முடிஞ்சுது. டியூவும் டயரும் எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் யார் தலையில? சொந்தமா லோடு வண்டி வாங்கின ரெண்டு மெக்கானிக்குகளைக் கேட்டேன். ரெண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னாங்க. ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, இன்னொருத்தர் சிரிக்கல. அந்தச் சிரிக்காதவருக்கு ஒரு ஃபைனான்ஸ்ல ரெண்டு டியூ பாக்கி.

கார்ல போனாலும் கதை உண்டு. மில்லுக்கோ அபார்ட்மெண்டுக்கோ கார்ல போய் இறங்கினா, "வாங்க சார்". தோட்டத்துக்குக் கார்ல போனா, "கார்ல வர்ற ஆளுக்குக் கூலி குறைச்சாத்தான் என்ன?" எக்ஸெல்ல போனா ரெண்டு இடத்துலயும், "வாப்பா". ஆகவே வேலைக்கு எக்ஸெல்தான்னு முடிவு பண்ணிட்டேன். மரியாதையைப் பில்லுல சேர்க்க முடியாது.

இப்ப வீட்டம்மா கேட்ட கேள்விக்கு வர்றேன். அதுதான் உண்மையிலேயே கனமான கேள்வி. "என்னங்க, லோடு வண்டி வாடகைக்குப் போதும்னா, காரும் வாடகைக்கே போதுமே? அத்தையை மதுரைக்குக் கூட்டிட்டுப் போறது வருஷத்துக்கு நாலு தடவை. அதுக்கா ஒரு கார்?"

கணக்குப்படி அவ சொல்றதுதான் சரி. அம்மாவுக்குக் கண் நீர் அழுத்த நோய். இடது கண்ணு ஏற்கெனவே போயிருச்சு. இந்த நோய்ல போன பார்வை திரும்பாது, இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்திக்கலாம், அவ்வளவுதான். அதனால மூணு மாசத்துக்கு ஒருக்கா மதுரையில டாக்டர்கிட்ட காட்டி அழுத்தம் பார்க்கணும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல ஏறி, ஆரப்பாளையத்துல இறங்கி, அங்கேருந்து ஆட்டோ. ஒத்தைக் கண்ணோட படி ஏறி இறங்கறது அம்மாவுக்கு நடுக்கம். ஆனா அதைச் சொல்ல மாட்டாங்க. ரெண்டு தடவை, "டாக்டர் அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாரு"ன்னு அவங்களே தேதியைத் தள்ளிட்டாங்க. அரிசி டப்பாவுக்கு அடியில கிடந்த சீட்டை வீட்டம்மாதான் பார்த்தா. ஏம்மான்னு கேட்டா, "உனக்கு ஒருநாள் வேலை கெடுது, காருக்கு வாடகை வேற. எனக்குத்தான் நல்லாத் தெரியுதே"ன்னாங்க.

வாடகைக் கார்ல அதுதான் சிக்கல். காசு நம்ம கிட்ட இருந்தாலும், அது கை மாறுறதை அம்மா பார்க்கிறாங்க. டாக்டர் கூட்டத்துல காக்க வைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் வெயிட்டிங் சார்ஜா அவங்க மனசுல ஓடுது. வாசல்ல சும்மா நிக்கிற சொந்த வண்டிக்கு அந்த மீட்டர் இல்ல. சும்மாதானே நிக்குதுன்னு ஏறிடுவாங்க. மச்சான் எதைக் குறைன்னு சொன்னாரோ, வண்டி வாசல்ல நிக்கிறதை, அதுதான் எனக்கு வேணும்.

இதைச் சொன்னதும் வீட்டம்மா ஒண்ணும் பேசல. மறுநாள் காலையில, "ஏசி இருக்கிறதாப் பாருங்க, சொட்டு மருந்தை வெயில்ல வைக்கக்கூடாதாம்"னா. தீர்ப்பு வந்துடுச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

ஆறு வருஷம் ஓடின பழைய சின்னக் கார் ஒண்ணு, பெட்ரோல், டிஎன் 57. போன மாசம் வந்துச்சு. அம்மா முன் சீட்டுல உக்காந்து மதுரைக்கு ஒருதடவை போய்ட்டு வந்தாச்சு. அழுத்தம் கொஞ்சம் கூடியிருந்துச்சாம், மருந்தை மாத்தியிருக்காங்க. அடுத்த தேதியை இந்தத் தடவை சீட்டுல பார்த்து நானே காலண்டர்ல எழுதிட்டேன்.

போன வாரம் வடமதுரைப் பக்கம் ஒரு தோட்டம். மோட்டாரை மேல எடுத்தாச்சு. தோட்டக்காரர் எப்படியோ கேள்விப்பட்டிருக்காரு. "தம்பிதான் கார் வாங்கியாச்சே, டிக்கியில போட்டுக் கொண்டு போயிருங்களேன், எதுக்குத் தண்டமா வண்டி வாடகை?" "அண்ணே, அது அம்மா வண்டி"ன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாரு. அப்புறம் போனை எடுத்து ஸ்டாண்டுக்கு அவரே அடிச்சு, 900 கேட்ட வண்டியை 850-க்குப் பேசி முடிச்சாரு. அந்த 50 ரூபாயை எப்படிக் குறைச்சாருன்னுதான் எனக்கு இன்னும் புரியல. நான் கேட்டா ஒரு நாளும் குறைக்க மாட்டாங்க.