மிச்சமில்லாமல் பிரியும் எண்

நோன்பு வந்தால் எங்கள் யட்டவத்த வீட்டு முன்னறையில் பேரீச்சம்பழப் பெட்டிகள் வந்து இறங்கும். அயல் வீடுகளுக்குக் கொடுக்க வாப்பாவும் நாங்களும் பொதி கட்டுவோம். ஒரு பொதிக்குப் பன்னிரண்டு பழம். அது ஒருநாளும் மாறாது. "வீட்டில ரெண்டு பேரோ, மூணு பேரோ, நாலு பேரோ, ஆறு பேரோ, பிள்ளைகளுக்குள்ள சண்டை வராது" என்பார் வாப்பா.

"நம்மட வீட்டில அஞ்சு பேராச்சே?" என்று தம்பி கேட்பான்.

"மிஞ்சிற ரெண்டும் உம்மும்மாவுக்கு."

சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திய வாப்பா தேர்ந்தெடுத்த எண் சும்மா எண் அல்ல. 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் இல்லை. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் முந்தும் எண்களைப் பற்றி, கும்பகோணத்தில் வளர்ந்த ஸ்ரீனிவாச இராமானுஜன் 1915இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அடுத்த வருடம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் கொடுத்தது அதற்காகத்தான். கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் புலமைப்பரிசிலை இழந்தவர் அவர். எனக்கோ இந்தத் தவணை இணைந்த கணிதமே காலை வாரியது. 31 புள்ளி. தேர்ச்சி அறிக்கையைப் பௌதிகவியல் கொப்பிக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

இராமானுஜன் அட்டவணையின் கடைசி எண் 6746328388800. ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடிக்கும் மேல். தராவீஹ் முடிந்த ஓர் இரவு அதை முதன்மை எண்களாக உடைத்துப் பார்த்தேன். 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5 இரண்டு, 7 இரண்டு, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. காரணிகளை எண்ண ஒவ்வொரு தடவையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 7×5×3×3×2×2×2×2×2. விடை 10080. ஒன்றிலிருந்து இருபத்தெட்டு வரை எந்த எண்ணாலும் அது மிச்சமில்லாமல் பிரியும். இருபத்தொன்பது பேர் வந்தால்தான் சண்டை.

ஆனால் என்னை நித்திரை கொள்ள விடாதது வேறு. அந்த அட்டவணையில் 102 எண்கள் இருக்கின்றன. இருக்க வேண்டிய ஓர் எண் இல்லை. 293318625600. அவ்வளவு பெரிய கணிதமேதைக்கு அது தவறிப்போயிருக்கிறது. அதை 23ஆல் பெருக்கினேன். வந்தது அதே கடைசி எண்! தவறவிட்டதற்கும் கடைசியாக எழுதியதற்கும் இடையில் ஒரேயொரு முதன்மை எண்தான். இரண்டு தடவை சரிபார்த்தேன், என் பெருக்கலை நம்ப முடியாமல்.

ஸஹருக்கு எழும்பிய வாப்பாவிடம் கொப்பியைக் காட்டினேன். அறிக்கை அதற்குள்ளேயே இருந்தது. புரட்டினார், பார்த்தார். தேநீர் ஆறும் வரை ஒன்றும் பேசவில்லை.

"எங்க விட்ட மகள்?"

"ஒரு சயக்குறி, வாப்பா. முதல் வரியில. பிறகு எல்லாம் பிழைச்சிட்டு. மற்றக் கேள்விக்கு நேரம் இல்ல."

பேனையைத் தேடி எடுத்துக் கையொப்பமிட்டார். பிறகு அந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணில் விரலை வைத்தார்.

"இது அஞ்சால பிரியுமா?"

"பிரியும் வாப்பா."

"அப்ப உம்மும்மாவுக்கு ஒண்டும் மிஞ்சாதே."