தாமிரபரணியில் தூண்டில் போட்டோம்

தாமிரபரணியைப் பார்ப்பதென்றால் பொங்கல் கழிந்ததும் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கலங்கி ஓடிய தண்ணீர் அப்போது தெளிந்திருக்கும். முழங்கால் ஆழத்தில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் என் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். "மதினி, பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க, ஆத்துல தூண்டில் போடுவோம்" என்று அவள் கூப்பிட, போன தை மாதம் கிளம்பிப் போனோம்.

தூண்டில் என்றால் பெரிய செலவில்லை. ஒரு மூங்கில் கம்பு, மெல்லிய நரம்பு, சின்னஞ்சிறு முள், மிதக்க ஒரு தக்கை. இரைக்கு மண்புழு, அது அருவருப்பாக இருந்தால் சோற்றுப் பருக்கை போதும். ஓடும் தண்ணீரில் கெண்டை, கல் இடுக்கில் ஆரால், கரையோரப் புல்லில் குறவை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. அயிரை மணலோடு மணலாகக் கிடக்கும். அதை நாத்தனார் பழைய நூல் சேலைத் துண்டை விரித்து அள்ளினாள்.

என் மகன் தூண்டிலில் விரல் நீளக் கெண்டை ஒன்று மாட்டியது. பக்கத்தில் கருந்திட்டு, முதுகுத் துடுப்பில் நூல் நூலாக நீட்டல். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்று ஒரே அழுகை. "அது நம்ம ஆத்து மீனுடா கண்ணு, விட்டுரு" என்றாள் அத்தைக்காரி. அவள் சொன்னது சரிதான். இப்படி ஒரு கெண்டைக்கு 1954-ல் மீனியல் அறிஞர் சைலஸ் தாமிரபரணியின் பெயரையே வைத்தார். இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள மீன்களில் ஒன்று. கையை நனைத்துக்கொண்டு முள்ளை மெதுவாக எடுத்து விட்டோம். சர்ரென்று ஓடிவிட்டது. பையனின் அழுகையும் நின்றது.

1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை இப்போது எல்லா நீர்நிலைகளிலும் பெருகி, உள்ளூர் மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஆகவே சகோதரிகளே, வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் மீன் அலுத்துப்போனால், பாவம் பார்த்து ஆற்றில் விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். அணையில் தண்ணீர் திறந்தால் ஆறு சட்டென்று ஏறும். கெளுத்தி முள் குத்தினால் கடுக்கும். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி தணியும். பாபநாசம் கோயில் படித்துறையில் தூண்டில் வேண்டாம். அங்குள்ள மீன்களுக்குப் பொரி போடுவதுதான் வழக்கம்.

அள்ளிய அயிரையை உயிரோடு தேங்காய்ப்பாலில் விட்டால் வயிற்று மண்ணைக் கக்கிவிடும். பிறகு மண்சட்டியில் கல் உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிப் புளிக்குழம்பு வையுங்கள். முள்ளோடு மென்று தின்பதால் சுண்ணாம்புச் சத்து முழுசாகக் கிடைக்கும். ஒரு வேளைக் குழம்புக்கு வேண்டியதை மட்டும் அள்ளுங்கள். மிச்சம் ஆற்றிலேயே இருக்கட்டும்.