சொல்லாமல் எடுத்த இரத்தமும் சொல்லி எடுக்கும் இரத்தமும்

1986ஆம் ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பட்டமேற்படிப்பு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலாவுக்கு 32 வயது. இரண்டு பிள்ளைகளின் தாய். எயிட்ஸ் இந்தியாவுக்கு வராது என்று பலரும் நம்பியிருந்த அந்நாளில், அதையே ஆய்வுக்கு எடுக்கும்படி சொன்னவர் பேராசிரியர் சுனிதி சாலமன். பாலியல் நோய்க்குச் சிகிச்சைக்கு வந்த ஓரிரு பெண்களுடன் பழகி, அவர்கள் காட்டிய வழியில் மற்றவர்களைத் தேடிப்போனார் நிர்மலா. கையுறை கூட இல்லாமல் 80 மாதிரிகள் சேர்த்தார். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த அவற்றை, ஐஸ் பெட்டியில் போட்டு, கணவருடன் இரவு ரயிலில் பரிசோதனைக்காக வேலூருக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தெரிந்தது. இந்தியாவில் அந்தத் தொற்று அறியப்பட்டது அப்படித்தான்.

அந்தக் கதையில் நெருடும் ஓரிடம் உண்டு. எதற்காக இரத்தம் எடுக்கிறார் என்பதை அந்தப் பெண்களுக்கு அவர் சொல்லவில்லை.

இலங்கையின் வன்னியில் இன்று பணி தொடங்கும் இளம் வைத்தியருக்கு அப்படிச் செய்ய இயலாது, செய்யவும் கூடாது. இங்கே சொல்வதுதான் முதல் வேலை. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு எங்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கு சிபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதனை வழமையாகச் செய்யப்படுகிறது. பெயர் பதிவது முதல் வீடு தேடிப்போவது வரை குடும்பநல உத்தியோகத்தர் பின்தொடர்கிறார். சிபிலிஸ் தெரிந்தால் பென்சிலின் ஊசி. பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்னராவது சிகிச்சை தொடங்கிவிட வேண்டும். எச்.ஐ.வி.யைக் கவனிக்காமல் விட்டால், தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். மருந்து கிடைத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும்.

இந்தப் பொறுமையான உழைப்பின் பயனாக, இவ்விரண்டு நோய்களும் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதென 2019 டிசெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. போர் முடிந்து பத்தே ஆண்டுகள்! முகாம்களிலிருந்து திரும்பி, கூரை போட்டு, கிணறு இறைத்து வாழ்வைத் தொடங்கிய தாய்மாரும் அந்தச் சான்றிதழுக்குள் இருக்கிறார்கள்.

ஆனாலும் கர்ப்பம் இல்லாத பெண்ணை இந்த ஏற்பாடு இவ்வளவு எளிதில் எட்டுவதில்லை. கிளமிடியா என்ற பாலியல் தொற்று பெரும்பாலும் அறிகுறி காட்டாது. சிலருக்கு வருடங்கள் கழித்து, பிள்ளை இல்லையென்று ஊர் பேசத் தொடங்கிய பிறகு, கருக்குழாய் அடைபட்டிருப்பது தெரிய வரும். பழி மனைவிமேல் விழும்; கணவர் பரிசோதனைக்கு வரமாட்டார். அவர் வராவிட்டால், அவளுக்குக் கொடுத்த மாத்திரை வீணாகலாம். அதே தொற்று மறுபடி வரக்கூடும்.

துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ பஸ் ஏறி வருகிறவள், கிளினிக் வாங்கில் பக்கத்து வீட்டு அக்காவைக் கண்டால் வெள்ளைபடுதலைச் சொல்லமாட்டாள். "வயித்துக்குத்து" என்று மட்டும் சொல்லித் திரும்பிவிடுவாள். அதனால், எம்.பி.பி.எஸ். முடித்து, உள்ளகப் பயிற்சி செய்து, மேலும் பல ஆண்டுகள் கொழும்பில் பாலியல் நோய் மருத்துவம் கற்றுவரும் நிபுணருக்கு நுண்ணோக்கியும் மருந்தும் மட்டும் போதாது. பேச்சு வெளியே கேட்காத ஓர் அறை, கணவனும் மனைவியும் வெவ்வேறு நேரத்தில் வந்துபோக ஒழுங்கு, அன்றைக்கே கிடைக்கும் பரிசோதனை முடிவு, வன்னித் தமிழில் ஆறுதலாக விளக்கும் தாதி ஆகியவையும் தேவை. இளம் வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போகும் இக்காலத்தில், வன்னிக்கு வரத் துணிகிறவருக்கு இவற்றையாவது சுகாதாரத் திணைக்களம் முதல் நாளே கொடுக்க வேண்டும்.